ஒரே இழை, எதிரெதிர்ப் போக்குவரத்து: தாவர வைரஸ் ஆர்என்ஏவின் கட்டுப்பாட்டுக் கூறுகள்

கேள்வி இது: தாவர வைரஸ்களின் மரபணுத்தொகுதியில் "கட்டுப்பாட்டு ஆர்என்ஏ கூறுகள்" என்று சொல்லப்படுபவை எவை? புரதத்துக்கான குறிப்பு இல்லாத இரு முனைகளில் மட்டும்தான் அவை இருக்கின்றனவா? எழுத்து வரிசையைக் கணினியில் மடித்துப் பார்த்தே அவற்றைக் கண்டுபிடித்துவிட முடியுமா?

கடைசி இரண்டு கேள்விகளுக்கும் பதில் "இல்லை". ஏன் இல்லை என்பதில்தான் முதல் கேள்விக்கான பதிலும் அடங்கியிருக்கிறது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அளவிலிருந்து தொடங்கலாம். புகையிலை மொசைக் வைரஸின் மரபணுத்தொகுதி 6,395 எழுத்து நீளம். எழுத்து என்று நான் சொல்வது நியூக்ளியோடைடை. ஏ, யு, ஜி, சி என்று மொத்தம் நான்கு வகை. இந்த நீளத்தில் எழுதப்பட்டிருப்பவை நான்கே புரதங்கள்: நகலெடுக்க இரண்டு, ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போக ஒன்று, உறையாகப் போர்த்திக்கொள்ள ஒன்று. தக்காளி புஷி ஸ்டன்ட் வைரஸ் இன்னும் சிக்கனமானது. ஏறத்தாழ 4,800 எழுத்துகளில் ஐந்து புரதங்களை அடைத்து வைத்திருக்கிறது. எந்தப் புரதத்தை எப்போது, எவ்வளவு செய்வது என்று மேற்பார்வை பார்க்கத் தனி ஆட்களை வைத்துக்கொள்ள இந்த வீட்டில் இடமில்லை. அந்த வேலையை ஆர்என்ஏவே தன் உடம்பை மடித்தும் வளைத்தும் செய்துகொள்கிறது. அந்த மடிப்புகளும், சில இடங்களில் மடிப்பே இல்லாத சிறு எழுத்துத் தொடர்களும்தான் கட்டுப்பாட்டுக் கூறுகள்.

பாடநூல்கள் இவற்றை ஊக்கி, தொடக்கி, நிறுத்தி என்று வகைப்படுத்தி வரிசையாக அடுக்கும். எனக்கு அந்த அடுக்கல் பிடிப்பதில்லை. அது கூறுகளின் பெயரைச் சொல்கிறது, அவை ஏன் தேவைப்பட்டன என்பதைச் சொல்வதில்லை. தேவை இங்கிருந்து வருகிறது: தாவரங்களைத் தாக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை நேர் இழை ஆர்என்ஏ வைரஸ்கள். அதாவது, செல்லுக்குள் நுழையும் ஆர்என்ஏ இழையை ரைபோசோம் நேரடியாகப் படித்துப் புரதம் செய்யலாம். ஆனால் அதே இழைதான் நகலெடுப்பதற்கான மூலப்படி. அதே இழைதான் உறைக்குள் ஏறி அடுத்த செடிக்குப் பயணம் போக வேண்டிய சரக்கும். ரைபோசோம் இழையின் தலையிலிருந்து, அதாவது 5' முனையிலிருந்து, வாலை நோக்கி ஓடுகிறது. நகலெடுக்கும் வேலையைச் செய்யும் வைரஸின் பாலிமரேஸ் நொதியோ வாலில், அதாவது 3' முனையில், ஏறித் தலையை நோக்கி வருகிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக இரண்டு ரயில்கள். நடுவழியில் சந்தித்தால் இரண்டுமே நின்றுபோகும். இந்தத் தடத்துக்கான சிக்னல்களாகப் பார்த்தால் கட்டுப்பாட்டுக் கூறுகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

இன்னொரு படிமமும் உதவும். சித்திரக்கவியில் நாகபந்தம் என்று ஒன்று உண்டு. பின்னிக்கிடக்கும் பாம்பின் உடல்மேல் செய்யுளை எழுதுவார்கள். உடல் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கும் எழுத்து, இரண்டு அடிகளுக்கும் பொருந்த வேண்டும். கவிஞர் அந்த எழுத்தைத் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. தாவர வைரஸின் ஆர்என்ஏ ஏறக்குறைய அப்படிப்பட்ட செய்யுள்தான். ஓர் எழுத்து நேர்வரிசையில் ஓர் அமினோ அமிலத்தைக் குறித்தாக வேண்டும். அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால் இருக்கும் இன்னோர் எழுத்தோடு, ஏ என்றால் யுவோடும் ஜி என்றால் சியோடும், இணை சேர்ந்தும் ஆக வேண்டும். "புரதம் எழுதாத முனைகளில் மட்டும்தானே கூறுகள் இருக்கும்" என்ற ஊகம் இங்கேதான் உடைகிறது.

இனி உதாரணங்கள். நான் அதிகம் நின்று பேச விரும்புவது பார்லி மஞ்சள் குட்டை வைரஸைப் பற்றி. இந்தத் துறையின் அழகான கதைகளில் பாதி அந்த ஒரே வைரஸில் இருக்கிறது.

செல்லின் சாதாரணத் தூது ஆர்என்ஏவுக்குத் தலையில் ஒரு வேதித் தொப்பியும், ஏ எழுத்தே திரும்பத் திரும்ப வரும் நீண்ட வாலும் இருக்கும். தொப்பியை இஐஎஃப்4இ என்ற புரதம் பிடிக்கும்; அதோடு ஒட்டிய இஐஎஃப்4ஜி ரைபோசோமைக் கூட்டிவரும். பார்லி மஞ்சள் குட்டை வைரஸுக்குத் தொப்பியும் இல்லை, அந்த வாலும் இல்லை. இருந்தும் அதன் ஆர்என்ஏ செல்லுக்குள் செழிப்பாகப் புரதம் செய்கிறது. எப்படி என்று 1990களில் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆலன் மில்லரின் குழு தேடியபோது, விடை தலையில் இல்லை, வால் பக்கத்தில் இருந்தது. அங்கே சுமார் 100 எழுத்து நீளமுள்ள ஒரு மடிப்பு இஐஎஃப்4ஜியைத் தானே பிடித்துக்கொள்கிறது. ஆனால் புரதம் தொடங்க வேண்டிய இடம் தலைப்பக்கம். இடையில் சுமார் ஐயாயிரம் எழுத்துகள். பிடித்த ஆளை அங்கே கொண்டு சேர்ப்பது எப்படி? இழை தன்மேல் மடியும்போது இணை சேர்ந்து நிற்கும் பகுதி தண்டு, அதன் நுனியில் இணை சேராமல் வளையும் பகுதி கண்ணி. வால் மடிப்பின் ஒரு கண்ணியும் தலையில் உள்ள ஒரு மடிப்பின் கண்ணியும் ஒன்றுக்கொன்று இணை சேரும் சில எழுத்துகளை வைத்திருக்கின்றன. இழை வளைந்து, இரண்டு கண்ணிகளும் முத்தமிட்டுக்கொள்கின்றன. ஆய்வாளர்களே வைத்த பெயர்தான் அது, முத்தமிடும் கண்ணிகள். ஒரு பக்கத்தில் எழுத்தை மாற்றினால் புரத உற்பத்தி சரிகிறது. மறுபக்கத்திலும் அதற்கேற்ப மாற்றி மீண்டும் இணை சேரவைத்தால் உற்பத்தி திரும்புகிறது. 2001இல் இது உறுதியானது.

தொப்பி இல்லாமல் புரதம் தொடங்கவைக்கும் இத்தகைய வால்பக்கக் கூறுகள் இப்போது பல குடும்பங்களாக அறியப்பட்டிருக்கின்றன. ஒன்று ஆங்கில ஒய் எழுத்தின் வடிவம், ஒன்று ஐ வடிவம், இன்னொன்று டி வடிவம். சில இஐஎஃப்4இயைப் பிடிக்கும், சில இஐஎஃப்4ஜியை. டர்னிப் கிரிங்கிள் வைரஸில் இருப்பது இன்னும் துணிச்சலானது. ரைபோசோமுக்கு அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் பரிமாற்ற ஆர்என்ஏவைப்போல் உருவம் எடுத்து, ரைபோசோமின் பெரிய துணை அலகையே நேராகப் பற்றுகிறது. சிக்னல் என்று நான் சொன்னதற்கு இது நல்ல சான்று: வைரஸின் பாலிமரேஸ் அந்தப் பகுதியில் வந்து ஒட்டியவுடன் மடிப்பு கலைந்து வேறு உருவம் கொள்கிறது. ரைபோசோமை அழைத்துக்கொண்டிருந்த கை இறங்குகிறது. நகலெடுப்புக்கு வழி திறக்கிறது.

இந்தக் கூறுகள் ஆய்வகத்துக்குள் அடங்கிய வேடிக்கை அல்ல. முலாம்பழச் செடிகளில் ஒரு வகைக்கு முலாம்பழ நெக்ராடிக் புள்ளி வைரஸ் வருவதில்லை. காரணம், செடியின் இஐஎஃப்4இ புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. வைரஸின் வால்பக்கக் கூறு அதைப் பிடிக்க முடியாமல் வழுக்குகிறது. செடிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. இந்த எதிர்ப்பை மீறும் வைரஸ் வகை ஒன்றின் வாலைப் பார்த்தபோது, பழைய கூறுக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு கூறு உட்கார்ந்திருந்தது. முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த, வெள்ளரி வகைச் செடிகளை அசுவினி மூலம் தாக்கும் மஞ்சள் வைரஸிடமிருந்து மறுசேர்க்கை வழியே வந்த கூறு அது. ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ்களும் சந்தித்தபோது துண்டு கைமாறியிருக்க வேண்டும். புரதம் எதையும் மாற்றாமல், கட்டுப்பாட்டுக் கூறு ஒன்றை இரவல் வாங்கி எதிர்ப்பை உடைத்த வைரஸ் இது. ஆர்என்ஏ கூறுகள் எவ்வளவு தனித்து இயங்கக்கூடியவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

மறுபடியும் பார்லி வைரஸுக்கு வருவோம். தலையிலிருந்து ஓடும் ரைபோசோம் முதல் புரதத்தைச் செய்து முடிக்கும் இடத்தில் ஜிஜிஜியுயுயுயு என்ற ஏழு எழுத்துத் தொடர் வருகிறது. இது வழுக்குமிடம். பெரும்பாலான ரைபோசோம்கள் இதைத் தாண்டி, அடுத்து வரும் நிறுத்தக் கோடானில், அதாவது 'இங்கே நிறுத்து' என்று சொல்லும் மூன்றெழுத்தில், இறங்கிவிடும். மிகச் சில மட்டும் இங்கே ஓர் எழுத்து பின்னால் சறுக்கும். சறுக்கியபின் எழுத்துகள் வேறு மாதிரி மும்மூன்றாகப் பிரிகின்றன. நிறுத்தம் கண்ணில் படுவதில்லை. ரைபோசோம் மேலே ஓடிப் பாலிமரேஸைச் செய்து முடிக்கிறது. தமிழ்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. "பலகை" என்பதைச் சேர்த்துப் படித்தால் மரத்துண்டு, பிரித்துப் படித்தால் பல கைகள். பிரிமொழிச் சிலேடை என்று நம் இலக்கணத்தில் சொல்வது இங்கே மூலக்கூறு அளவில் நடக்கிறது.

வியப்பு அதில் இல்லை. இப்படிச் சறுக்கும் வைரஸ்கள் வேறும் உண்டு. சறுக்கலைத் தூண்டுவது பொதுவாக வழுக்குமிடத்துக்கு அடுத்தாற்போல் இருக்கும் ஒரு மடிப்பு. பார்லி வைரஸில் அந்தப் பக்கத்து மடிப்பு மட்டும் போதவில்லை. நாலாயிரம் எழுத்துகளுக்கு அப்பால், வால் பகுதியில் இருக்கும் ஒரு கண்ணி வந்து அதோடு இணை சேர்ந்தால்தான் சறுக்கல் நடக்கிறது. இவ்வளவு தூரத்திலிருந்து ஏன் சாவி கொடுக்க வேண்டும்? 2002இல் மில்லரின் குழு முன்வைத்த விளக்கம் எனக்கு இன்றும் மிகப் பிடித்தமானது. தொடக்கத்தில் பாலிமரேஸ் இல்லை. வால் கண்ணி இணை சேர்கிறது, சறுக்கல் நடக்கிறது, பாலிமரேஸ் உருவாகிறது. போதுமான அளவு சேர்ந்ததும் பாலிமரேஸ் வாலில் ஏறித் தலையை நோக்கி நகர்கிறது. நகரும் வழியில் அந்த வால் கண்ணியைப் பிரித்துவிடுகிறது. உடனே சறுக்கல் நிற்கிறது. பாலிமரேஸ் பகுதிக்குள் புது ரைபோசோம்கள் நுழைவதில்லை. எதிரே வரும் பாலிமரேஸுக்குத் தடம் காலியாகிறது. அதே வால் பகுதியில்தான் முன்பு சொன்ன முத்தமிடும் கண்ணியும் இருக்கிறது என்பதால், தலையில் புதிதாகப் புரதம் தொடங்குவதும் அதனோடு நிற்கும். மேற்பார்வையாளர் யாரும் இல்லை; வந்து சேரும் ரயிலே சிக்னலை மாற்றிவிடுகிறது.

சறுக்குவதற்குப் பதிலாக நிறுத்தத்தைக் கண்டும் காணாமல் தாண்டிப்போகும் வழியும் உண்டு. புகையிலை மொசைக் வைரஸில் முதல் பெரிய புரதத்தின் முடிவில் யுஏஜி என்ற நிறுத்தக் கோடான் வருகிறது. பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் ரைபோசோம்கள் அங்கே ஓர் அமினோ அமிலத்தைச் செருகிக்கொண்டு மேலே போகின்றன. பாலிமரேஸ் பகுதி கொண்ட நீண்ட புரதம் அப்படித்தான் கிடைக்கிறது. கேம்பிரிட்ஜில் ஹியூ பெல்ஹாம் 1978இல் இதைக் காட்டினார். கசிவுக்குக் காரணம் நிறுத்தத்தை அடுத்து வரும் ஆறு எழுத்துகள்: சிஏஏயுயுஏ. இங்கே பெரிய மடிப்பு எதுவும் தேவைப்படவில்லை, அண்டை எழுத்துகளே போதும். தக்காளி புஷி ஸ்டன்ட் வைரஸின் உறவினர் ஒன்றிலோ, இதே கசிவுக்கு மூவாயிரம் எழுத்துகளுக்கும் அப்பாலிருந்து ஒரு துணை வர வேண்டியிருக்கிறது. ஒரே காரியத்துக்கு ஒன்று அடுத்த வீட்டாரையும் இன்னொன்று தூரத்து உறவையும் நம்பியிருக்கிறது.

பொட்டிவைரஸ் (potyvirus) என்ற குடும்பம் வேறொரு தந்திரம் வைத்திருக்கிறது. அவற்றின் ஆர்என்ஏ ஏறத்தாழ பத்தாயிரம் எழுத்து. ஒரே நீண்ட புரதமாகச் செய்து பிறகு பத்துத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளும் என்றே வெகுநாள் கற்பித்தார்கள். முதல் முழு வரிசை 1986இல் வெளிவந்தது. அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 2008இல்தான், நடுவில் இன்னொரு சிறு புரதப் பகுதி ஒளிந்திருப்பது தெரியவந்தது. ஜி எழுத்தையடுத்து ஆறு ஏ எழுத்துகள் வரும் இடத்தில் சறுக்குவது இம்முறை ரைபோசோம் அல்ல, நகலெடுக்கும் பாலிமரேஸ். சில நகல்களில் ஓர் ஏ எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிடுகிறது; அந்த நகல்களில் வாசிப்பு மாறி, செல்விட்டுச் செல் பாய உதவும் புரதம் கிடைக்கிறது. எத்தனையோ பேர் பல ஆண்டுகள் உற்றுப் பார்த்த வரிசை அது. ஆளைக் குறை சொல்ல முடியாது. பத்துப் புரதங்களுக்கான நேர்வரிசையைப் படிக்கப் பழகிய கண்ணுக்குச் சிலேடை தெரிவதில்லை.

இனி வால் முனை. பாலிமரேஸ் ஏறும் நிலையம் இதுதான், ஆகவே அடையாளப் பலகை இங்கே தெளிவாக இருந்தாக வேண்டும். 1970இல் பிரான்சில் ஒரு குழு எதிர்பாராத ஒன்றைக் கண்டது. டர்னிப் மஞ்சள் மொசைக் வைரஸின் முழு மரபணுத்தொகுதியின் வாலில், செல்லின் நொதி வேலின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டுபோய் ஒட்டியது. அமினோ அமிலத்தைச் சுமப்பது பரிமாற்ற ஆர்என்ஏவின் வேலை. வைரஸின் மரபணுத்தொகுதிக்கு அங்கே என்ன வேலை? பிறகு பார்த்தால் புரோம் மொசைக் வைரஸின் வால் டைரோசினையும், புகையிலை மொசைக் வைரஸின் வால் ஹிஸ்டிடினையும் ஏற்றுக்கொள்கின்றன. வால் முனையே பரிமாற்ற ஆர்என்ஏவைப்போல வேடம் போட்டிருக்கிறது.

வேடத்தில் ஒரு சிக்கல் உண்டு. உண்மையான பரிமாற்ற ஆர்என்ஏவில் தலையும் வாலும் சேர்ந்துதான் அமினோ அமிலம் ஏறும் தண்டு உருவாகும். வைரஸுக்குத் தலை ஆறாயிரம் எழுத்துக்கு அப்பால் இருக்கிறது. வாலை மட்டும் வைத்து அந்தத் தண்டை எப்படிக் கட்டுவது? லைடன் நகரில் பிளேய், ரீட்வெல்ட் முதலியோர் 1980களின் தொடக்கத்தில் இதைத் துருவியபோதுதான் போலி முடிச்சு என்ற மடிப்பே உலகுக்குத் தெரியவந்தது. ஒரு தண்டின் கண்ணியில் உள்ள எழுத்துகள், அந்தக் கண்ணிக்கு வெளியே உள்ள எழுத்துகளோடு இணை சேர்கின்றன; இரண்டு தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து ஒரே தண்டுபோலத் தோன்றுகின்றன. பின்னாளில் ரைபோசைம்கள் என்ற, நொதிபோல் வேலை செய்யும் ஆர்என்ஏக்களிலும் விலங்கு வைரஸ்களிலும் எங்கும் காணப்பட்ட இந்த அமைப்பு முதலில் அறிமுகமானது ஒரு தாவர வைரஸின் வாலில். முப்பரிமாணப் படிக அமைப்பு 2014இல் வந்தது. லைடன் குழு வரைந்த வரைபடத்தின் எலும்புக்கூடு சரியாகவே இருந்தது.

வேடம் எதற்கு என்பதற்கு ஒரே பதில் இல்லை. முனையில் உள்ள சிசிஏ என்ற மூன்றெழுத்தில்தான் எதிர் இழையின் நகலெடுப்பு தொடங்குகிறது. அந்த மூன்றெழுத்து தேய்ந்துபோனால், பரிமாற்ற ஆர்என்ஏவுக்கு அதைச் சேர்க்கும் செல் நொதியே வைரஸுக்கும் ஒட்டவைத்துவிடும்; பைசா செலவில்லாத பழுதுபார்ப்பு. புரோம் மொசைக் வைரஸின் வால் 2021இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்கப்பட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. தனித்திருக்கையில் அது பரிமாற்ற ஆர்என்ஏபோல் முழுமையாக இல்லை. செல் நொதியோடு சேரும்போதுதான் ஒரு தண்டு பெரிதாக இடம்மாறி உருவம் பொருந்துகிறது. அசையாத சிலை அல்ல அது.

குதிரைமசால் மொசைக் வைரஸின் வால் இதற்கு நேரெதிர் வழியில் போனது. அதன் மூன்று மரபணுத்தொகுதித் துண்டுகளையும் சுத்தமாகப் பிரித்தெடுத்துச் செடியில் தடவினால் நோய் வராது. கொஞ்சம் உறைப்புரதத்தையும் சேர்த்துத் தடவினால் வரும். 1971இல் நெதர்லாந்தில் ஜான் போலும் சகாக்களும் கண்ட இந்த உண்மை பல ஆண்டுகள் புதிராக இருந்தது. உறைப்புரதம் வாலில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்தால் அந்த ஆர்என்ஏ புரத உற்பத்திக்கு ஏற்றதாகிறது. அது விலகினால் வால் வேறு விதமாக மடிந்து பாலிமரேஸுக்கு ஏற்றதாகிறது என்பது 1999இல் வந்த விளக்கம். மறுபடியும் அதே ஒற்றைத் தண்டவாளப் பிரச்சினை, வேறொரு கைகாட்டி மரம்.

முனைகளுக்கு வெளியே, புரதக் குறிப்புக்கு நடுவில் இருக்கும் கூறுகளுக்கு இனி வருவோம். மூன்றைச் சொன்னால் போதும். தக்காளி புஷி ஸ்டன்ட் வைரஸின் பாலிமரேஸ் பகுதிக்குள் ஒரு தண்டு இருக்கிறது. அதில் எதிரெதிரே நிற்கும் இணை சேராத இரண்டு சி எழுத்துகள்தான், எந்த ஆர்என்ஏவை நகலெடுப்பு நிலையத்துக்கு இழுத்துப்போக வேண்டும் என்று வைரஸ் புரதத்துக்குக் காட்டும் அடையாளம். அடுத்தது, சிவப்பு குளோவர் நெக்ராடிக் மொசைக் வைரஸ். இதற்கு இரண்டு ஆர்என்ஏ துண்டுகள். இரண்டாவது துண்டில், நகர்வுப் புரதத்துக்கான பகுதிக்குள், 34 எழுத்துக் கூறு ஒன்று இருக்கிறது. அதன் கண்ணி முதல் துண்டோடு போய் இணை சேர்ந்தால்தான் முதல் துண்டிலிருந்து உறைப்புரதத்துக்கான சிறு ஆர்என்ஏ உருவாகும். ஓர் ஆர்என்ஏ இன்னோர் ஆர்என்ஏவைப் புரதத் தரகர் யாரும் இல்லாமல் இயக்குவது 1998இல் இங்கே காட்டப்பட்டது. இரண்டு துண்டும் செல்லில் இருப்பது உறுதியான பிறகுதான் உறை தயாராகும் என்ற ஏற்பாடாக அதைப் படிக்கலாம்.

மூன்றாவது, புகையிலை மொசைக் வைரஸின் உறை தொடங்கும் இடம். அந்த வைரஸ் 300 நானோமீட்டர் நீளக் குச்சி. 2,130 உறைப்புரதங்கள், ஒவ்வொன்றும் மூன்று எழுத்தைப் பிடிக்கின்றன. 6,395ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள். செல்லுக்குள் எத்தனையோ ஆர்என்ஏக்கள் மிதக்கும்போது தன்னுடையதை மட்டும் பொதிந்துகொள்வது எப்படி? நகர்வுப் புரதத்துக்கான பகுதிக்குள் இருக்கும் ஒரு தண்டின் நுனிக்கண்ணியில் ஏஏஜிஏஏஜியுசிஜி என்ற தொடர் இருக்கிறது. உறைப்புரத வட்டு முதலில் அதைப் பற்றி, அங்கிருந்து இரு பக்கமும் அடுக்குகிறது. உறைப்புரதத்துக்கான சிறு ஆர்என்ஏவில் இந்தத் தொடர் வராது. எனவே அது பொதியப்படுவதில்லை. நெருங்கிய உறவான சணப்பு மொசைக் வைரஸில் இதே கூறு உறைப்புரதப் பகுதிக்குள் நகர்ந்திருக்கிறது. விளைவு, அங்கே சிறு ஆர்என்ஏவும் பொதிந்து குட்டைக் குச்சிகள் கிடைக்கின்றன. கூறு எங்கே இருக்கிறது என்பதே ஒரு தீர்மானம் என்பதை இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

தலை முனையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. புகையிலை மொசைக் வைரஸின் தலையில் 68 எழுத்துத் தொடர் உண்டு; ஒமேகா என்று பெயர். தொப்பி ஏறியிருக்கும் முதல் எழுத்தைத் தவிர அதில் ஜி எழுத்தே கிடையாது. சிஏஏ என்பது திரும்பத் திரும்ப வரும். ஏறக்குறைய மடிப்பே இல்லாத பகுதி. இதை வேறு எந்த மரபணுவின் முன்னால் ஒட்டினாலும் புரத உற்பத்தி கூடும் என்று 1987இல் தெரிந்தபிறகு, மரபணு மாற்றப் பயிர் ஆய்வகங்களில் இது சர்வசாதாரணக் கருவியாகிவிட்டது. காலிஃபிளவர் மொசைக் வைரஸ் இதற்கு எதிர்த்துருவம். அதன் ஆர்என்ஏவின் தலை சுமார் 600 எழுத்து. நடுவில் பெரிய தண்டு. வழியெங்கும் போலித் தொடக்கங்கள். ரைபோசோம் தண்டின் அடிவாரத்தில் இறங்கி, தண்டின்மேல் ஏறாமல் மறுபுறம் தாவி ஏறிக்கொள்கிறது. 1993இல் பாசெல் நகரக் குழு இதைக் காட்டியபோது பலர் நம்பத் தயங்கினார்கள்.

பகைவர்களைக் கையாளும் கூறுகளும் உண்டு. தலையிலிருந்து ஆர்என்ஏவைக் கடித்துத் தின்னும் நொதிகள் செல்லில் இருக்கின்றன. சிவப்பு குளோவர் வைரஸின் வால் பகுதியில் உள்ள ஒரு சிறு மடிப்பு வளையம்போல் சுருண்டு நின்று அந்த நொதியின் வாயை அடைக்கிறது. கடிபடாமல் மிஞ்சும் துண்டு செல்லில் சேர்கிறது. இன்னொரு பகைவர், இரட்டை இழை ஆர்என்ஏவை 21, 22, 24 எழுத்துத் துண்டுகளாக நறுக்கி எதிர்ப்பாகப் பயன்படுத்தும் அமைப்பு. இதில் ஒரு வினோத விளைவு: வெள்ளரி மொசைக் வைரஸோடு ஒட்டிவாழும் 369 எழுத்துத் துணை ஆர்என்ஏ ஒன்று புகையிலைச் செடியைப் பளிச்சென்ற மஞ்சளாக்கும். காரணம் ஒரு நச்சுப் புரதமாக இருக்கும் என்று தேடியவர்கள் ஏமாந்தார்கள். அந்தத் துணை ஆர்என்ஏ நறுக்கப்படும்போது விழும் 22 எழுத்துத் துண்டு, பச்சையம் செய்யும் புகையிலை மரபணு ஒன்றின் ஆர்என்ஏவோடு பொருந்திப்போய் அதை அழித்துவிடுகிறது. 2011இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதை வெளியிட்டன.

இந்தத் தர்க்கத்தின் கடைசி எல்லை வைராய்டு. உருளைக்கிழங்கின் கதிர்க்கோல் கிழங்கு நோயைத் தருவது 359 எழுத்து வட்ட ஆர்என்ஏ. 1971இல் தியோடர் டீனர் அடையாளம் கண்டார். அது ஒரு புரதத்தைக்கூடக் குறிப்பதில்லை. நாகபந்தத்தில் செய்யுளை அழித்துப் பாம்பை மட்டும் வைத்துக்கொண்டதுபோல. 2008இல் பியாவ் டிங் குழு அதன் 27 கண்ணிகளையும் ஒவ்வொன்றாகக் குலைத்துப் பார்த்து, எவை நகலெடுப்புக்கு வேண்டும், எவை செடிக்குள் பயணத்துக்கு வேண்டும் என்று வரைபடமே போட்டது.

கடைசிக் கேள்வி, கணினியில் மடித்துப் பார்ப்பது. நானும் முதலில் அதைத்தான் செய்வேன். ஆனால் அங்கே நிற்கமாட்டேன். வழக்கமான மென்பொருள்கள் ஆற்றல் குறைந்த மடிப்பைத் தேடும். அவற்றில் பல, போலி முடிச்சைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நாலாயிரம் எழுத்து தூர இணையை, தற்செயலாகப் பொருந்தும் நூற்றுக்கணக்கான இணைகளிலிருந்து பிரித்தறிவதும் அவற்றால் ஆகாது. வேதிப்பொருளால் இணை சேராத எழுத்துகளைக் குறியிடும் ஷேப் முறை இப்போது பெரும் உதவி; தக்காளி புஷி ஸ்டன்ட் வைரஸின் முழு இழையையும் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ வைட் குழு 2013இல் இப்படி வரைந்தது. ஆனால் அந்த முறை தருவது சராசரி. ஒரே இழை இரண்டு உருவங்களுக்கு இடையே மாறிக்கொண்டிருந்தால் கலங்கலான படம்தான் கிடைக்கும். உறவு வைரஸ்களை வரிசைப்படுத்தி, ஓர் எழுத்து மாறிய இடத்தில் அதன் இணையும் கூடவே மாறியிருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு மேலும் நம்பிக்கை தரும்.

முடிவான சோதனை ஒன்றுதான்: ஒரு பக்கத்தைக் கெடு, மறுபக்கத்தை மாற்றி இணையைத் திரும்பக் கொடு, வைரஸ் பிழைக்கிறதா பார். இதைச் செய்யும்போது புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அமினோ அமிலம் மாறாதபடி கோடானின் மூன்றாம் எழுத்தை மாற்றிவிட்டு, "இது தீங்கற்ற மாற்றம், ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்" என்பார்கள். வைரஸ் செத்துக் கிடக்கும். எந்த நிலையில் செத்தது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். செல் இல்லாமலே புரதம் செய்யவைக்கும் கோதுமை முளைச் சாற்றில் நகலெடுப்பு நடக்காது. ஆகவே அங்கே புரதம் குறைந்தால் பழுது புரத உற்பத்தியில். அங்கே சரியாக இருந்து, செல்சுவர் நீக்கிய செடிச் செல்களில் மட்டும் இழை பெருகவில்லை என்றால் பழுது நகலெடுப்பில்.

தொடங்க விரும்புபவர் டர்னிப் மஞ்சள் மொசைக் வைரஸின் வாலில் கடைசி 82 எழுத்துகளை எடுத்துக்கொள்ளட்டும். மென்பொருளைத் திறக்காமல், பென்சிலும் தாளும் வைத்து, எது எதோடு இணை சேரும் என்று கோடு இழுத்துப் பார்க்கட்டும். எளிதான தண்டுகளை இழுத்து முடித்தபிறகு, வால்நுனிக்கு அருகே சில இணைகள் மட்டும் மற்றக் கோடுகளை வெட்டிக்கொண்டு போகும். அதுதான் லைடன் குழு கண்ட முடிச்சு.